பாரம் அமர்ந்த பிறகுதான் இறுக்கம்

பிக்கப் வண்டி என்றாலே பின்னால் ஸ்பிரிங் பட்டைதான் என்று இருந்த காலத்தில், 2009 மாடல் டாட்ஜ் ராம் 1500 காயில் ஸ்பிரிங்கோடு வந்தது. பட்டை போனதும், பின் ஆக்சிலை இடம் பிசகாமல் பிடிக்கும் பொறுப்பு கண்ட்ரோல் ஆர்ம்களுக்கு வந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு, குறுக்கே ஒரு தண்டு.

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பனிக்காலச் சாலையில் கொட்டும் உப்பு இவற்றை அரித்துவிடும். ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு போல்ட் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். நட்டு கழன்றாலும் அது அசையாது. ஆர்ம்களை மாற்றும்போது விவரம் தெரிந்தவர் துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே அடித்து வைப்பார். ஒன்றை மாட்டாமல் அடுத்ததைக் கழற்றவும் மாட்டார். ஆக்சில் திரும்பிவிட்டால் துளைக்குத் துளை நேர் வராது.

இந்த வேலையின் அழகே கடைசியில்தான். புது ஆர்ம் உட்கார்ந்ததும் இறுக்கிவிடக் கை பரபரக்கும். கூடாது. புஷ்ஷின் ரப்பர் சுழல்வதில்லை. உள்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியிருப்பதால் முறுகத்தான் செய்யும். ஆக்சில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதுகூட ரப்பர் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழிந்துபோகும். அதனால் நட்டைத் தளர்வாக விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, முழுப் பாரமும் அமர்ந்த பிறகு அடியில் படுத்து டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். இதற்காக மறுபடி அடியில் படுக்கிற மெக்கானிக்கிடம் எந்த வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு விடலாம்.