பழுப்பு நிலக்கரியும் குற்றவாளிக் கூண்டும்

நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் துளை போட்டபோது கரிய துகள்கள் மேலே வந்தது 1930களின் நடுவில். ஏறத்தாழ அதே காலத்தில், 1934இல், பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுப்பதற்காக ஹிட்லர் அரசு ‘பிராபாக்’ என்ற நிறுவனத்தை உண்டாக்கியது. போர் முற்றியதும் அதன் ஆலைகளுக்கு வதைமுகாம் கைதிகளை அனுப்பினார்கள். 1944இல், சைட்ஸ் நகருக்கருகே குண்டுவீச்சில் நொறுங்கிய பிராபாக் ஆலைக்கு வேலைக்கு ஓட்டிச் செல்லப்பட்டவர்களில் இம்ரே கெர்தேஸ் என்ற 14 வயது ஹங்கேரியச் சிறுவரும் ஒருவர். 2002இல் இலக்கிய நோபல் பெற்ற எழுத்தாளர் அவர்தான்.

கரியை நம்பி வாழும் ஊரிலிருந்து நாஜிக் குற்றவாளிகள் மீதான வழக்குகளைப் படிக்கும்போது எனக்கு முதலில் எழும் கேள்வி, அந்தச் சிறுவரின் உழைப்பில் லாபம் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான். பிராபாக் மீது நியூரம்பர்க்கில் தனி வழக்கு நடக்கவே இல்லை. கோயரிங் முதலான நாஜித் தலைவர்கள் மீதான பெரிய வழக்கு முடிந்த பிறகு அங்கே அமெரிக்கர்கள் நடத்திய 12 வழக்குகளில் மூன்று, தொழிலதிபர்கள் மீதானவை: ஃப்ளிக், ஐ.ஜி. ஃபார்பன், க்ரூப்.

ஃப்ளிக் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று நேரடியாகப் பழுப்பு நிலக்கரியைப் பற்றியது. பெட்செக் என்ற யூதக் குடும்பத்துக்கு மத்திய ஜெர்மனியில் பெரிய சுரங்கங்கள் இருந்தன. அரசின் மிரட்டலைத் துணையாக வைத்துக்கொண்டு, 1938 தொடங்கி அவற்றை வளைத்துப்போட்டார் ஃப்ளிக். போருக்கு முன் நடந்த சொத்துப் பறிப்பு தங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று நீதிபதிகள் அந்தக் குற்றச்சாட்டையே தள்ளிவிட்டார்கள். அடிமை உழைப்பிலும், அரசு சொன்னதால் வேறு வழியில்லை என்ற வாதத்தைப் பெருமளவு ஏற்றார்கள். ரயில் வேகன் தயாரிப்புக்குக் கூடுதல் ஆட்களைக் கேட்டு வாங்கிய விஷயம் மட்டும் மாட்டிக்கொண்டது. 1947 டிசம்பரில் ஏழாண்டுத் தண்டனை, 1950இலேயே விடுதலை. 1972இல் இறக்கும்போது மேற்கு ஜெர்மனியின் பெரும் பணக்காரர்களில் அவர் ஒருவர். தன் ஆலைகளில் உழைத்துச் சாகாமல் தப்பியவர்களுக்குக் கடைசிவரை இழப்பீடு கொடுக்கவில்லை.

அல்ஃப்ரீட் க்ரூப்புக்கு 1948இல் 12 ஆண்டு, சொத்தும் பறிமுதல். 1951இல் அவரை விட்டதோடு சொத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். கொரியப் போர் தொடங்கியிருந்தது, ஜெர்மானிய உருக்கு வேண்டியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நம் ரூர்கேலா உருக்காலைக்கு ஆலோசனை சொல்ல க்ரூப் நிறுவனம் வந்தது. நெய்வேலியில் மேல்மண்ணை அள்ளிய பக்கெட் வீல் இயந்திரங்களும் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவையே. புதிதாக விடுதலை பெற்ற நாடு தொழில்நுட்பத்தைத் தேடிப் போனதில் தவறில்லை. ஆனால் க்ரூப் நிறுவனத்தின் கணக்கு தீராமலே கிடந்ததை நாம் பேசாமல் விட்டது குறைதான்.

இப்படியிருந்தும் இந்த வழக்குகளை வீண் என்று சொல்ல மாட்டேன். வழக்கு நடந்ததால்தான் ஃப்ளிக்கின் அலுவலகக் கடிதங்களும், ஆள் கேட்டு எழுதிய விண்ணப்பங்களும் நீதிமன்ற ஆவணங்களாயின. தண்டனை கரைந்துபோனாலும் தாள் கரையவில்லை. மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்ப முடியாது என்ற விதி நிலைத்ததும் நியூரம்பர்க்கால்தான். அந்த விதியின் நீட்சியாகத்தான் 2022இல், ஷ்டூட்ஹோஃப் வதைமுகாமில் பதின்வயதில் தட்டச்சு வேலை பார்த்த பெண்ணுக்கு அவரது 97ஆம் வயதில் தண்டனை கிடைத்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன். தட்டச்சுக்காரர் கூண்டில் நின்ற நாட்டில் முதலாளி மூன்றாண்டில் வீடு திரும்பியிருக்கிறார் என்பதுதான் உறுத்துகிறது.

தமிழருக்கு இந்த உறுத்தல் இன்னும் நெருக்கமானது. நெய்வேலி அன்று தென்னார்க்காடு மாவட்டம். திருச்சி, சேலம், தஞ்சை போலவே இங்கிருந்தும் கங்காணிகள் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். ஜப்பானியர் 1942–43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, அந்தத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிப் போனார்கள். அங்கே செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர் சாவு அதைப்போலப் பல மடங்கு. அதில் துல்லியக் கணக்கு என்று ஒன்று கிடையாது.

போருக்குப் பின் இந்தப் பாதைக்காக 111 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 32 பேருக்கு மரண தண்டனை. ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ நீதிமன்றத்தின் தீர்ப்பிலும் ஆசியத் தொழிலாளர்களின் சாவு பதிவாகியிருக்கிறது. ஆனால் வழக்குகள் பெரும்பாலும் போர்க்கைதிகளைச் சுற்றியே நடந்தன. காரணம் கொடூரமான அளவுக்கு எளியது. கைதிகளுக்கு ரெஜிமென்ட் இருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்தது, மூங்கிலுக்குள் நாட்குறிப்பை ஒளித்த அதிகாரிகள் இருந்தார்கள், வழக்குப் போட ஓர் அரசு இருந்தது. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அந்தப் பாதையோரக் காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் இருக்கிறார்கள். பெரும்பாலான பலகைகளில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் பொறித்திருக்கிறது. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒரு பலகை அங்கே இல்லை. அவர்கள் பட்டபாட்டை நீதிமன்றச் சாட்சியமாக அல்ல, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவலில்தான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

டோக்கியோ நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளில் இந்தியரான ராதாபினோத் பால், குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதினார். வென்றவர் தோற்றவரை விசாரிப்பது நீதியாகுமா, செயல் நடந்தபோது இல்லாத சட்டத்தைக் கொண்டு தண்டிக்கலாமா, அணுகுண்டு போட்டவர்கள் எங்கே என்ற அவருடைய கேள்விகளுக்கு இன்றும் யாரும் முழுப் பதில் சொல்லவில்லை. கொடுமைகள் நடக்கவில்லை என்று அவர் சொல்லவும் இல்லை. எனினும் அவருடைய முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. வென்றவர்களின் நீதிமன்றம் ஒருபக்கம் சாய்ந்தது என்றால், விடுபட்டவர்களையும் கூண்டில் ஏற்று என்று கேட்பதே முறை. எல்லோரையும் இறக்கிவிடு என்பது, சாட்சி சொல்லக்கூட அழைக்கப்படாத தோட்டத் தொழிலாளிக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

ஜெர்மனியில் அரசும் தொழில் நிறுவனங்களும் 2000இல் 1,000 கோடி மார்க் போட்டு ஓர் அறக்கட்டளை அமைத்து, கட்டாய உழைப்பாளிகள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு 2007 வரை பணம் கொடுத்தன. அரை நூற்றாண்டு தாமதம். அதற்குள் எத்தனையோ பேர் இறந்துவிட்டார்கள். 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவு, ஜப்பானின் கையில் சிக்கித் துன்பப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு இழப்பீடு தர வழி செய்தது. மலாயாவிலிருந்து போன தமிழர்களுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. சென்னையும் கோலாலம்பூரும் சேர்ந்து, தோட்டப் பதிவேடுகளிலிருந்தும் குடும்பங்களின் வாய்மொழியிலிருந்தும் அவர்களுடைய பெயர்ப்பட்டியலையாவது இப்போது தொகுக்க வேண்டும்.