பாதி வழியில் தெரியும் தாளம்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தடியில் புறப்படும்போது எல்லா வாத்தியக் குழுவும் நன்றாகவே அடிக்கும். கை புதிது, மூச்சு புதிது, கூட்டமும் ஏற்றிவிடும். மலையின் மேற்குப் பக்கம், ஏறத்தாழ பாதி வழியில், அடி அண்ணாமலை வரும்போதுதான் குழுவின் தரம் வெளிப்படும். அதற்குள் மணிக்கட்டு கனத்திருக்கும். தோளில் வார் அறுத்திருக்கும். அந்த இடத்திலும் காலப்பிரமாணம் நிற்கிறதா? பௌர்ணமி இரவுகளில் ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் பக்கம் நின்று நான் கவனிப்பது இதைத்தான்.

இன்று இந்தச் சாலையில் அதிகம் கேட்பது கயிலை வாத்தியம். உடல் என்னும் தோல் வாத்தியம், கொம்பு, எக்காளம், பிரம்மதாளம், சங்கு என்று அணிவகுத்து வரும் குழுக்களில் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தோல் வாத்தியத்தைப் பெண்கள் தெருவில் தோளில் மாட்டி அடிப்பது பெரிய மாற்றம். அதை மனதார வரவேற்கிறேன். இந்தக் குழுக்களின் பலம் ஒற்றுமை. முப்பது கோல்கள் ஒன்றாக விழும்போது நெஞ்சு அதிர்கிறது. பலவீனம் வேகம். களைப்பு ஏற ஏற நடை ஓடத் தொடங்குகிறது. நிறுத்திப் பிடிக்க ஆள் இல்லை. ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிறது. சத்தம் கூடுகிறது, இசை கூடவில்லை.

இதே மாவட்டத்தின் ஊர்களிலிருந்து வரும் பெரிய மேளம் என்ற பறைச் செட்டைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பறை இடது தோளில் தொங்கும். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. ஒன்று நாதத்தைக் கொடுக்கும், மற்றது அந்த நாதத்தை நறுக்கும். தோலை நெருப்பில் காய்ச்சி ஏற்றிய பறையில் இந்த இரண்டும் தனித்தனியாகக் காதில் விழும். ஃபைபர் தட்டு வந்தபின் காய்ச்சும் வேலை மிச்சம், மழைக்கும் தொய்வதில்லை. ஆனால் அடிநாதம் போய்விடுகிறது. என் காதுக்கு அது பெரிய இழப்பு.

முன்னால் நிற்பவர் ஒரு உருட்டில் சைகை கொடுக்க, மொத்தச் செட்டும் அடுத்த அடிக்கு மாறும். சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று சந்தர்ப்பத்துக்கு ஒரு அடி. கால் ஆடிக்கொண்டே இருக்கும். தாளத்தைக் காப்பாற்றுவதே அந்தக் கால்தான். வேகம் கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டுவார்கள், பின் பழைய நடைக்கே வந்து நிற்பார்கள். கயிலை வாத்தியக் குழுக்கள் கற்க வேண்டியது இந்தத் திரும்பி வருதலைத்தான்.

இந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி எங்கிருந்து வந்தது? சாவு வீட்டு வாசலில் காலையில் தொடங்கிச் சுடுகாடு வரை அடித்ததிலிருந்து வந்தது. அது விரும்பிச் செய்த சாதகம் அல்ல, சாதி சுமத்திய ஊழியம். அதனால்தான் 'இனி அடிக்க மாட்டோம்' என்று குச்சியைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அதே பறையை விடுதலையின் குரலாக மேடையில் ஏற்றியவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டாயத்தை மறுத்தவர் கலையை மறுக்கவில்லை. கலையாக எடுத்தவர் அவமானத்தை மறக்கவும் இல்லை.

பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. டெல்லி வரை போன அந்த மரியாதை ஊர் எல்லைக்குள் வருவதற்குத்தான் நாளாகிறது. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் கால் வைத்தது 2023 ஜனவரி 30 அன்று, அதுவும் ஆட்சியரும் காவல் துறையும் உடன்வர. தோல் வாத்தியத்தில் எது புனிதம், எது தீட்டு என்று பிரித்தது காது அல்ல.

இந்த மண்ணின் பழைய கணக்கில் அந்தப் பிரிவினைக்கு இடமில்லை. தெய்வம், உணவு, மரம், பறவை வரிசையில் பறையையும் நிலத்தின் கருப்பொருளாக வைத்தது தொல்காப்பியம். சந்தத்தில் எவரும் எட்ட முடியாத அருணகிரிநாதர் பிறந்தது இந்த ஊரில் என்கிறது மரபு. அவருடைய முதல் திருப்புகழ் என்று போற்றப்படும் பாட்டின் போர்க்களத்தில் பறை கொட்டுகிறது. அதைக் கோயிலுக்குள் நின்று பக்தியோடு பாடுகிறோம். அந்தப் பறையைக் கையில் பிடித்தவரை வெளியே நிறுத்துகிறோம். அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. மார்கழியில் திருவெம்பாவை பாட அங்கே போகிறவர்கள் இந்த முரணையும் யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் தீர்ப்பு இதுதான்: சேர்ந்து அடிக்கும் கட்டுப்பாட்டில் கயிலை வாத்தியம் முன்னால் நிற்கிறது. லயத்தில், அடி வகையில், நீண்ட தூரம் தாங்குவதில் பெரிய மேளம் வெகு தூரம் மேலே. இரு தரப்பும் ஒரே களத்தில் அடித்தால் இளைஞர்களின் தாளம்தான் முதலில் சீராகும்.

கிரிவலப் பாதை ஊர்களில் திருவிழாவுக்கு அச்சாரம் கொடுக்கும் பெரியவர்களே, அடுத்த முறை பெரிய மேளச் செட்டையும் அழையுங்கள். சாவுக்கு அல்ல, சாமி புறப்பாட்டுக்கு. நாகஸ்வரக்காரருக்குக் கொடுக்கும் அதே தாம்பூலமும், அதே சம்பளமும், சாமிக்கு முன்னால் அதே இடமும் அவர்களுக்கும் கொடுங்கள்.