முகப்பும் பின்புறமும்

இங்கிலாந்தின் பாத் நகரில், புல்வெளியை நோக்கிப் பிறை வடிவில் நிற்கின்றது ‘ராயல் கிரசென்ட்’ என்னும் வீட்டு வரிசை. இளைய ஜான் வுட் வகுத்த திட்டப்படி 1767இல் தொடங்கி 1775 வாக்கில் நிறைவுற்றது. மொத்தம் 30 வீடுகள். தேன் நிறக் கல்லாலான ஒரே முகப்பு. அதனை அணிசெய்யும் 114 தூண்கள். தொலைவில் நின்று நோக்குவோர்க்கு அது ஓர் அரண்மனையாகவே தோன்றும்.

பின்புறம் சென்றால் காட்சி மாறுகிறது. வுட் வகுத்தது முகப்பை மட்டுமே. அதில் ஒரு பகுதியை வாங்கியவர், பின்னே தாம் அமர்த்திய கலைஞரைக் கொண்டு தம் விருப்பப்படி வீடு எழுப்பிக்கொண்டார். எனவே அங்கே கூரைகள் ஏறி இறங்குகின்றன. சுவர்கள் முன்னும் பின்னுமாய் நிற்கின்றன.

இதனை வெளிவேடம் என்று ஒதுக்குவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. செல்வர்கள் தத்தம் வாயிலைப் பிறர் வாயிலினும் உயர்த்திக் காட்ட முனையாது, பொதுவான அழகுக்குப் பணிந்தனர். அதுவும் ஒரு சிறு துறவே. முகப்பின் ஒற்றுமை பொய்யன்று. முழுமையற்றது என்பதே நம் மதிப்பீடு.

அவ்வொற்றுமையில் இடம்பெற்றோர் யாவர் என்னும் வினாவே நம்மை உறுத்துகிறது. புல்வெளியின் குறுக்கே, ஒருபுறம் சுவர் வைத்த பள்ளம் ஒன்று உண்டு. மேயும் கால்நடைகளை அது தடுக்கும். வீட்டிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கோ தெரியாது. அந்நகரின் மனிதரிடையேயும் அத்தகைய பள்ளம் இருந்தது. கத்தோலிக்கர் மீதிருந்த சில தடைகளை 1778ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதனை எதிர்த்து 1780 ஜூனில் லண்டனில் மூண்ட கார்டன் கலவரம் பாத் நகருக்கும் பரவியது. புதிதாய்க் கட்டப்பட்ட கத்தோலிக்கச் சிற்றாலயம் தீக்கிரையாயிற்று. கணித அறிஞருமான ஆயர் சார்லஸ் வாம்ஸ்லியின் நூல்களும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன. பிறை வரிசை நிறைவுற்று அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன.

ஆயர் கசப்பில் முடங்கிவிடவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் ஆயரான ஜான் கரோலை 1790இல் திருநிலைப்படுத்தியவர் அவரே. தம் நகரில் இடம் மறுக்கப்பட்டவர், கடல் கடந்த திருச்சபைக்கு வாயில் திறந்தார்.

கட்டடத்தை மதிப்பிடுவோர் முன்னே நின்று வியத்தல் போதாது. சுற்றிப் பின்னேயும் செல்லவேண்டும். இறைமக்களாகிய நமக்கும் இது பொருந்தும். ஒரே பீடத்தின் முன் ஒரே குரலில் மன்றாடுகிறோம். அம்முகப்பு அழகானது, உண்மையானது. ஆயினும் ஆலயத்தை விட்டு இறங்கிய பின் நமக்கிடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் எத்தனை? அவற்றை மண்ணிட்டு நிரப்பும் நாளில்தான் முகப்பின் ஒற்றுமை முழுமை பெறும்.