கோணமும் சுழற்சியும்

யூக்கிளிட்டு தம் நூலின் முதற் புத்தகத்திற் கோணத்தை, ஒரு தளத்திற் சந்திக்கும் இரு கோடுகளின் சாய்வு என வரையறுத்தார். ஒரே நேர்கோட்டில் அமைவனவற்றை அவர் விலக்கினமையால் 180 பாகைக்கும் அவ்வரையறையில் இடமில்லை. நிறுவல்களுக்கு அஃது இடர் செய்யவில்லை. ஈராயிரம் ஆண்டு நிலைத்த நூலைக் குறைகூறல் ஈண்டு நோக்கமுமன்று. அவ்வரையறையின் நிழலிலேயே இன்றும் வகுப்பறையிற் கோணம் கற்பிக்கப்படுவதே ஆராயத்தக்கது.

பாகைமானியை வைத்து எண்ணை வாசிக்கும் மாணவன், தான் எதனை அளந்தான் என்பதை அறியான். கைகள் நீண்ட கோணமே பெரிதென்று அவன் துணிதல் ஆசிரியர் பலரும் கண்டது. அது மடமையன்று, தாளிற் புலப்படுவன கோடுகளே, திருப்பமன்று. மணிக்கூட்டின் நிமிடமுள் 15 நிமிடத்தில் 90 பாகை திரும்பும். 75 நிமிடத்தில் 450 பாகை. இரண்டிலும் முள் நிற்கும் இடம் ஒன்றே. வரைந்த உருவம் இவ்வேறுபாட்டைக் காட்டுமாறில்லை.

நிந்தவூர்க் கடற்கரையிற் கிழக்கு நோக்கி நிற்கும் மாணவன் ஒருவனைக் கருதுக. அவ்வூர்க்குரிய கிப்லா, புவியைக் கோளமெனக் கொண்டு கணிக்கின், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 294 பாகை. (நேர் மேற்கென்று கொள்வோர் 24 பாகை தவறுவர். கசினி நகரின் கிப்லாவைத் துணியும் பொருட்டு அல்-பிரூனி 11ஆம் நூற்றாண்டில் ஒரு நூலே இயற்றினார்.) அத்திசையை நோக்க அம்மாணவன் வலப்புறமாய் 204 பாகை திரும்பலாம், இடப்புறமாய் 156 பாகையும் திரும்பலாம். அரைவட்டப் பாகைமானி 156ஐ மட்டுமே காட்டும். மற்றது எங்குப் போயிற்று? நாடோறும் ஐவேளை திசை திரும்பித் தொழும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இவ்வினா எழாமற் போதல் வியப்பே.

இவ்விழப்பு உடனே தெரிவதில்லை. சாதாரண தரத்திற் சைனும் கோசைனும் செங்கோண முக்கோணத்தினுள் அடங்கிக் கிடப்பன. உயர்தர இணைந்த கணிதத்திற் புகுந்ததும் 180ஐக் கடந்த கோணமும், மறைக் கோணமும், ஆரையனும் ஒருங்கே எதிர்ப்படும். முக்கோணத்தினுள் 204 பாகை எங்ஙனம் அடங்கும்? பொருள் விளங்காத மாணவன் எந்தக் காற்பகுதியில் எது நேர், எது மறை என்று நெட்டுருச் செய்கிறான். பரீட்சை மண்டபத்தில் அதனையும் மறக்கிறான். கணிதம் தனக்கு வாராதென்று அவன் துறை மாறுவது அதன்பின் நிகழ்வது. பிழை ஆறேழு ஆண்டுகட்கு முன்னரே நேர்ந்ததென்பதை அவனுக்குக் கூறுவார் இலர்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தென்னை ஈர்க்கு இரண்டை ஒரு முனையிற் குண்டூசியாற் பிணித்து, ஒன்றை அசையாது பிடித்து, மற்றதை முழுச்சுற்றும் அதற்கு அப்பாலும் மாணவரே சுழற்றட்டும். பின்னர் எதிர்ப்புறமாகவும் சுழற்றட்டும். பாகைமானியை அடுத்த பாடத்திற் கொணரலாம்.