இனத்தூய்மைப் பேச்சில் இடம்பெறாத தாய்ப்பசு: தாராபுரம் கொரங்காடுகளை முன்வைத்து

முன்னுரை

2017 ஜனவரியில் நடைபெற்ற சல்லிக்கட்டுப் போராட்டத்திற்குப் பின் நாட்டு மாடுகள் குறித்த எழுத்து தமிழில் பெருகியது. அவ்வெழுத்துகளில் காங்கயம் இனத்திற்குத் தனியிடம் உண்டு. திமில், கொம்பு, பொலிகாளையின் வழிமரபு ஆகியனவே அங்கு மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. பழையகோட்டைப் பட்டக்காரர் இவ்வினத்தை வளர்த்தெடுத்த வரலாறும் பெரும்பாலும் காளைகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. சினைப்பசு எதை மேய்ந்தது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. இவ்விடுபடல் இனப்பாதுகாப்பு பற்றிய புரிதலையே குறைபடுத்துகிறது எனலாம்.

தாயின் தீவனமும் கருவும்

மரபணு வரிசை மாறாமலே அதன் செயற்பாடு மாறுவதை ஆராய்வது மேல்மரபியல். டி.என்.ஏ.வின்மீது மெத்தில் தொகுதிகள் சேர்வது இம்மாற்றத்தின் ஒரு வழி. அதற்கு வேண்டிய மெத்தியோனின், ஃபோலேட், பி12 ஆகியன தாயின் வழியாகவே கருவுக்குக் கிடைக்கின்றன. அசைபோடும் விலங்குகளில் பி12-ஐ இரைப்பை நுண்ணுயிர்கள் ஆக்குகின்றன. அதற்குத் தீவனத்தில் கோபால்ட் இருத்தல் வேண்டும்.

நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் கெவின் சின்கிளேர் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. கருத்தரிக்கும் காலத்தையொட்டிச் செம்மறிப் பெட்டைகளுக்கு இம்மூன்று சத்துகளும் குறைக்கப்பட்டன. ஆறாம் நாளிலேயே கருக்கள் இயல்பான தீவனம் உண்ட பெட்டைகளுக்கு மாற்றப்பட்டன. குட்டிகளின் பிறப்பு எடையில் வேறுபாடு இல்லை. ஆயினும், வளர்ந்தபின் அவற்றின் உடலில் கொழுப்பு மிகுந்தது. இன்சுலின் எதிர்ப்பும் உயர் இரத்த அழுத்தமும் குறிப்பாகக் கிடாய்களிடம் காணப்பட்டன.

கொரங்காடு எழுப்பும் வினா

தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் முள்கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலமே கொரங்காடு. மழைக்குப்பின் கொழுக்கட்டைப் புல்லும் கோடையில் வெள்வேலங்காயும் கால்நடைகளுக்கு இரையாகின்றன. செம்மறியில் கண்ட முடிவைக் காங்கயம் பசுவுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது. எனினும், ஏறத்தாழ 280 நாள் சினைக்காலத்தின் எக்கட்டத்தில் கோடை குறுக்கிடுகிறது என்பது ஆராயத்தக்கது. வயிற்றில் இருப்பது கிடாரியாயின், அதன் கருமுட்டைகளும் அங்கேயே உருவாகத் தொடங்குகின்றன. ஆகவே, ஒரு பசுவின் பசி மூன்று தலைமுறைகளைத் தொடக்கூடும்.

முடிவுரை

உறைவிந்துக் குச்சியில் காளையின் பங்கு மட்டுமே காக்கப்படுகிறது. கொரங்காட்டை மனையாக விற்றுவிட்டு விந்தை மட்டும் சேமித்தல் இனத்தைக் காத்தல் ஆகாது. ‘தாயைப் போல பிள்ளை’ என்னும் பழமொழியில் தாய் உண்டதும் அடங்கும் எனக் கொள்வதே பொருந்தும். காளையின் வழிமரபோடு சினைப்பசுவின் மேய்ச்சலும் பதிவு செய்யப்படும்போதே காங்கயம் இனப் பாதுகாப்பு முழுமை பெறும்.