திரவம் யார் வீட்டுச் சொல்?

சென்ற ஆண்டு மும்பையில் நம் சங்கத்துக் கூட்டம் ஒன்றில் அன்பர் ஒருவர், "திரவம் என்று எழுதாதீர்கள், அது வடசொல். நீர்மம் என்று எழுதுங்கள்" என்றார். உடனே இன்னொருவர் எழுந்து, "திரை என்றால் அலை. அதில் பிறந்த தூய தமிழ்ச்சொல்தான் திரவம்" என்றார். இரண்டு பேருக்கும் கைதட்டல் கிடைத்தது. நாற்பது வருஷமாக எண்ணெய் விற்றுப் பிழைக்கும் எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. நான் கல்லூரி வாசல் மிதிக்காதவன். கடை மூடிய பிறகு நிகண்டும் இலக்கணமும் படித்தவன். எனக்கு எட்டியதைச் சொல்கிறேன், பிழை இருந்தால் பொறுத்தருளுக.

முதலில் இரண்டாமவர் பேச்சு. வடமொழியில் 'த்ரு' என்னும் வேருக்கு ஓடுதல், உருகுதல் என்று பொருள். அதில் பிறந்தது 'த்ரவ'. சமண முனிவரான பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த நன்னூலில், பதவியலில், வடசொல் தமிழாகும் வழி சொல்லியிருக்கிறார். ரகரம் ஒட்டிய கூட்டெழுத்தை நடுவே இகரம் இட்டுப் பிரிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 'த்ரவ' திரவம் ஆனது அந்த வழியில்தான். 'த்ரவ்ய' திரவியம் ஆனதும் அப்படியே. இதற்கு அலையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதே இல்லை.

இனி முதலாமவர். நீர்மம் நல்ல சொல், பாடநூலிலும் ஏறிய சொல். அதற்கு உறவான நீர்மையைப் பாருங்கள். குறள் 195-இல் நீர்மை என்றால் தண்ணீர் அல்ல, நற்பண்பு. நீரின் இயல்பைச் சொன்ன சொல்லே மனிதனின் இயல்பையும் சொல்கிறது.

வடக்கேயும் இதைப் போல ஒன்று உண்டு. திரவத்தின் பக்கத்தில் நிற்கும் திரவியத்துக்குப் பொருள் என்றும் செல்வம் என்றும் அர்த்தம். ஔவை கடல் கடந்தும் தேடச் சொன்னது அதைத்தான், நாமெல்லாம் ஊரை விட்டு வந்ததும் அதற்குத்தான். எங்கள் வந்தவாசிப் பக்கம் பொன்னூர் மலையில் பாதம் வைத்து வணங்கப்படும் குந்தகுந்தர், பஞ்சாஸ்திகாயம் என்னும் பிராகிருத நூலில், தன் நிலைமாற்றங்களினூடே ஓடிக்கொண்டிருப்பதே திரவியம் என்கிறார். பாணினியோ மரம் என்று பொருள்படும் வேறொரு 'த்ரு'விலிருந்து திரவியத்தை வருவிக்கிறார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. சமணன் ஆனதால் என் மனசு குந்தகுந்தர் பக்கம் சாய்கிறது. ஆனால் அவர் சொன்னது தத்துவம். சொற்பிறப்புக்குச் சாட்சி என்று அதைத் தராசில் வைத்தால் அது கள்ள எடை.

தத்துவம் என்ற அளவில் அது உண்மை என்பதைக் கடையிலேயே பார்த்திருக்கிறேன். ஜனவரிக் காலையில் தேங்காய் எண்ணெய் டின்னுக்குள் வெள்ளையாய் உறைந்துவிடும். "என்ன நயினார், எண்ணெய் கெட்டுப்போச்சா?" என்பார்கள். "கெடல, வெயில்ல வை" என்பேன். உறைந்ததும் உருகியதும் அதே எண்ணெய். நிலைதான் மாறுகிறது, பொருள் மாறவில்லை.

போன மாதம் மராத்திப் பள்ளியில் படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, எங்க புஸ்தகத்துல 'த்ரவ'ன்னு இருக்கு. நீங்க திரவம்ங்கறீங்க. இது அவங்க சொல்லா, நம்ம சொல்லா?"

"வடக்கேயிருந்து வந்தது, நம்ம இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு நம்ம வீட்டுலயே தங்கிடுச்சு. நீர்மம் இங்கேயே பிறந்த பிள்ளை. ரெண்டும் நம்ம பிள்ளைங்கதான்" என்றேன்.

திரவத்தை விரட்டினால், பள்ளியில் கேட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு தமிழுக்குள் வர அவளுக்கு இருக்கும் ஒரு படியை நாமே பிடுங்கிவிடுகிறோம். பொய்யாகத் தூய தமிழ் என்றால், நாளை அவளே அகராதியைப் புரட்டி நம்மை நம்பாமல் போவாள். வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்கள் இந்த இரண்டு நஷ்டத்தையும் கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும்.