காற்றை யார் படிப்பது?

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது அவர் துப்பாக்கியில் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் கிடையாது. ரைஃபிள் போட்டி விதிகள் அதை அனுமதிப்பதில்லை. கண்ணும் மூச்சும் விரலும்தான் போட்டி என்று முடிவுசெய்து, அதற்கு இடைஞ்சலான கண்ணாடியை வெளியே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நடக்கும் மான் வேட்டையில் பக்கத்தில் நின்று பார்க்கும் நடுவர் யாரும் இல்லை. அதனால் ஸ்கோப் எவ்வளவு செய்யலாம், ஆள் எவ்வளவு செய்ய வேண்டும் என்ற வழக்கு அங்கே பத்து வருடத்துக்கும் மேலாக ஓய்ந்தபாடில்லை.

(நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை விளையாட்டுப் பக்கத்தில் வரும் சமாச்சாரம் அல்ல, குற்றச் செய்திகளோடு வருவது. அங்கே அது உரிமச் சீட்டு, பருவம், விதிப்புத்தகம் எல்லாம் உள்ள ஆட்டம். அந்தக் கணக்கில்தான் இந்த அலசல்.)

முதலில் ஸ்கோப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். அங்கே பரவலாகப் புழங்கும் .308 தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். 100 கெஜத்தில் குறி சரிபார்த்து வைத்த துப்பாக்கியால் 500 கெஜத்துக்குச் சுட்டால் குண்டு சுமார் ஐந்தடி இறங்கிவிடும். 450 கெஜத்தில் நிற்கும் மானைக் கண்ணளவில் 400 என்று கணித்தால் ஓர் அடி பிசகும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய இடமோ ஒன்பது பத்து அங்குலம்தான். லேசர் தூரமானி கைக்கு வந்தபிறகு இந்தப் பிழை அநேகமாக ஒழிந்தது. கால் உடைந்து ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும் மான்கள் அதனால் குறையுமென்றால், அந்தக் கருவியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த படி, தூரமானியை ஸ்கோப்புக்குள்ளேயே பொருத்துவது. பர்ரிஸ் நிறுவனத்தின் எலிமினேட்டர் அந்த ரகம். பொத்தானை அழுத்தினால் ஸ்கோப்பே தூரத்தை அளந்து, செங்குத்துக் கோட்டில் எந்த இடத்தை மான்மேல் வைக்க வேண்டும் என்று ஒரு சிவப்புப் புள்ளியை ஏற்றிக் காட்டும்.

டெக்சாஸின் ட்ராக்கிங்பாயிண்ட் நிறுவனம் 2013இல் சந்தைக்குக் கொண்டுவந்தது இதையெல்லாம் தாண்டியது. லினக்ஸில் ஓடும் கணினி ஒன்று ஸ்கோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். வேட்டைக்காரர் மானைத் திரையில்தான் பார்க்கிறார். விசைக்குப் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தி மானின் விலாவில் ஒரு புள்ளி வைக்கிறார். மான் நகர்ந்தால் புள்ளியும் கூடவே நகரும். தூரம், வெப்பநிலை, காற்றழுத்தம், துப்பாக்கியின் சாய்வு என்று எல்லாவற்றையும் கணினி சேர்த்துக்கொள்ளும். விசையை இழுத்தாலும் உடனே வெடிக்காது. கையாட்டத்தில் அலையும் குறுக்குக்கோடு எந்தக் கணம் அந்தப் புள்ளியோடு பொருந்துகிறதோ, அந்தக் கணம்தான் குண்டு கிளம்பும். விசையைப் பதறாமல் ஒடுக்குவதற்குத்தான் பிந்த்ரா போன்றவர்கள் வருடக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள். இங்கே அது 20,000 டாலரை ஒட்டிய விலையில் பெட்டியோடு வந்தது. (2015இல் இரண்டு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்தத் துப்பாக்கிக்குள் வைஃபை வழியாக நுழைந்து, தோட்டாவின் எடை என்று ஒரு பொய்யான எண்ணைக் கொடுத்தார்கள். குண்டு பக்கத்து இலக்கைப் போய்த் துளைத்தது.)

இவ்வளவும் தானே செய்த அந்த யந்திரம், காற்று எவ்வளவு என்பதை மட்டும் ஆளிடம் கேட்டது. அதை வேட்டைக்காரர்தான் கணித்து எண்ணாகக் கொடுக்க வேண்டும்.

இந்த ஆட்டத்தின் கடினமான பாகமே அதுதான். 500 கெஜத்தில், மணிக்கு 10 மைல் வேகக் குறுக்குக்காற்று அதே .308 குண்டை ஏறக்குறைய 20 அங்குலம் ஒதுக்கும். 10 மைல் காற்றை 5 என்று நினைத்துவிட்டால் 10 அங்குலம் போச்சு. நுரையீரலுக்குப் போக வேண்டிய குண்டு குடலில் இறங்கும். கையில் பிடிக்கும் காற்றுமானி, நாம் நிற்கும் இடத்துக் காற்றை மட்டுமே சொல்லும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு கிடக்கிறது, எதிர்ச்சரிவில் புல் வேறு பக்கம் சாய்கிறது. தேர்ந்தவர்கள் ஸ்கோப்பின் குவியத்தைச் சற்று முன்னே இழுத்து, கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். மெல்லிய காற்றில் அது சாய்ந்து ஓடும். காற்று வலுக்க வலுக்கப் படுத்துத் தட்டையாகிவிடும், பிறகு அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, விடியலில் மலையிறங்கிக்கொண்டிருந்த காற்று, சரிவில் வெயில் ஏறியதும் திரும்பி மலையேறத் தொடங்கும்.

காற்றைச் சரியாகப் படித்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. 500 கெஜம் போய்ச் சேரக் குண்டுக்கு ஏறத்தாழ 0.7 விநாடி ஆகும். மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஓர் எட்டு எடுத்து வைக்க அது போதும். யந்திரம் வைத்த புள்ளி மானோடு நகரலாம், ஆனால் குழலைவிட்டுக் கிளம்பிய குண்டு திரும்பாது.

சுட்டபிறகு நடப்பது விளம்பரப் படங்களில் வருவதே இல்லை. பள்ளத்தாக்கைத் தாண்டி அந்தப் பக்கம் போனால், இங்கிருந்து பார்த்த பாறையும் மரமும் அங்கே அடையாளமே தெரியாது. மான் நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதே அரை மணி நேர வேலையாகலாம். பிறகு ரத்தத்தைப் படிக்க வேண்டும். வெளிர்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பென்றால் ஈரல். பச்சை கலந்து நாற்றமடித்தால் குடல், அப்போது உடனே பின்தொடரக் கூடாது. பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கப் போன மான் எழுந்து மலை தாண்டிவிடும். எந்த ஸ்கோப்பும் இதில் ஒத்தாசை செய்யாது. தூரத்திலிருந்தே சுட்டுப் பழகியவருக்கு இந்தப் பழக்கம் கைவர வாய்ப்பும் குறைவு.

என் கட்சி இதுதான்: வேட்டைக்காரரின் வித்தை தூரத்தைக் குறைப்பதில் இருந்தது. எல்க் மானின் மூக்குக்கு எதிர்க்காற்றில் நின்று, மேட்டின் மறைவில் தவழ்ந்து, மான் தலை தூக்கும்போது உறைந்து, 500 கெஜத்தை 150 ஆக்குவது அரைநாள் வேலை. அந்த நெருக்கத்தில் காற்றின் பிழை ஓரிரண்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும், பழைய சாதாரண ஸ்கோப்பே தாராளம். புது ஸ்கோப்களின் வியாபாரமோ தூரத்தைக் கூட்டுவதையே திறமையாக விற்கிறது. 1,000 கெஜத்தில் சுட்ட வீடியோவுக்குக் கைதட்டல் விழுகிறது. கிரிக்கெட்டிலும் சிக்ஸர் எத்தனை மீட்டர் போனது என்று திரையில் போடுகிறார்கள், ஆனால் அதற்காக ஏழு ரன் கொடுப்பதில்லை.

விதி வகுப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் சங்கம், கொம்புகளை அளந்து பதிவேட்டில் ஏற்றுகிறது. தூரமானி உள்ளே பொருத்திய ஸ்கோப்பால் சுட்ட விலங்குக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. ஐடஹோ மாநிலம் பெருவிலங்கு வேட்டைக்கு இன்னும் கறாரான விதி வைத்தது. ஒளிரும் குறுக்குக்கோடு தவிர மின்னணுச் சாதனம் எதுவும் துப்பாக்கியிலோ ஸ்கோப்பிலோ கூடாது, மொத்த எடையும் 16 பவுண்டைத் தாண்டக் கூடாது.

தூரமானியைக் கையில் வைத்தால் சரி, துப்பாக்கியில் மாட்டினால் தப்பா என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது அசட்டு விதியாகப் படவில்லை. தூரமானியை இறக்கி, எண்ணை மனதில் வைத்து, ஸ்கோப்பின் குமிழைத் திருகி, மறுபடி கன்னத்தைத் துப்பாக்கியில் பதிப்பதற்குள் மான் போய்விடக்கூடும். இவற்றையெல்லாம் கோத்துச் சேர்க்கிற வேலை ஆளிடமே இருக்கிறது. மானுக்கும் ஒரு வாய்ப்பு மிஞ்சுகிறது.

மாநில அரசுகளை விதி போடத் தள்ளுவது இந்தத் தர்மம் மட்டுமல்ல, கணக்கும்தான். மேற்கு மாநிலங்களில் பல வேட்டை உரிமங்கள் குலுக்கல் முறையில் கிடைப்பவை. இத்தனை மான் விழலாம் என்று முதலில் தீர்மானித்து, பத்துப் பேரில் எத்தனை பேருக்கு மான் கிடைக்கிறது என்பதைப் பார்த்து உரிமங்களின் எண்ணிக்கையை வைக்கிறார்கள். கருவி கூர்மையானால் அதிகம் பேருக்கு மான் கிடைக்கும், அப்போது உரிமம் குறையும். உட்டா மாநிலம் 2016இல், குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கும் பெரிதாக்கும் ஸ்கோப்பை அனுமதித்தது. 2024இல் அந்தத் துப்பாக்கிகளுக்கான தனிப் பருவத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ரைஃபிள் பருவத்துக்கும் இதே கத்தரி வருமா என்பதில் இரண்டு கட்சிகள். குலுக்கலில் பெயர் விழாமல் வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஒரு பக்கம், ஸ்கோப்புக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொட்டியவர்கள் மறுபக்கம். இதில் கொடுமை, பல வீடுகளில் இரண்டு கட்சியும் ஒரே ஆள்தான்.